சுண்ணாம்பின் கணக்கு

ஊதுலை வழியில் 1 டன் எஃகு செய்ய, சராசரியாக 1.37 டன் இரும்புத்தாது, 780 கிலோ நிலக்கரி, 270 கிலோ சுண்ணாம்புக்கல் உள்ளே போகின்றன. கொஞ்சம் பழைய இரும்பும் சேர்கிறது. வெளியே வருபவற்றில் முக்கியமானவை மூன்று: 1 டன் எஃகு, ஏறத்தாழ 450 கிலோ கசடு, ஏறத்தாழ 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு.

கசடு என்பது உருகிய இரும்பின்மேல் மிதக்கும் கற்குழம்பு. தாதுவில் கலந்திருக்கும் மணல், களிமண் போன்ற வேண்டாத பொருள்களைச் சுண்ணாம்பு பற்றிக்கொண்டு உருகி மேலே வந்து நிற்கிறது. ஆலைகளில் இதை ஸ்லாக் என்கிறார்கள். இதில் இரண்டு வகை உண்டு. தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையில் 1 டன் எஃகுக்குச் சுமார் 300 கிலோ கிடைக்கிறது. இது ஊதுலைக் கசடு. அந்த இரும்பில் ஆக்சிஜனைச் செலுத்தி எஃகாக்கும் அடுத்த உலையில் 100 முதல் 200 கிலோ வரை கிடைக்கிறது. இது எஃகுக் கசடு.

2023-இல் உலகம் 189 கோடி டன் எஃகு செய்தது. எல்லா வழிகளையும் சேர்த்துப் பார்த்தால், 1 டன் எஃகுக்குச் சராசரியாக 1.92 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறியது. ஆண்டு மொத்தம் சுமார் 360 கோடி டன். மனிதச் செயல்களால் காற்றில் சேரும் கார்பன் டை ஆக்சைடில் இது 7 முதல் 9 சதவீதம்.

ஒரே ஆலையிலிருந்து வாயுவாக ஒரு கழிவும் கல்லாக ஒரு கழிவும் வருகின்றன. கல் அந்த வாயுவை உறிஞ்சும். ஆகவே ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கட்டிவிடலாம் என்ற யோசனை பிறந்தது. இது வெற்றுக் கற்பனை அல்ல. வேதியியல் சரியானது. ஆய்வகங்களில் நிரூபிக்கப்பட்டது. பெல்ஜியத்தில் கசட்டைக் கார்பன் டை ஆக்சைடால் இறுக்கிக் கட்டுமானக் கற்கள் செய்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சிமென்ட்டுக்குப் பதிலாக எஃகுக் கசட்டைப் போட்டு, அதே வாயுவால் கெட்டிப்படுத்தி கான்கிரீட் கற்கள் வார்க்கிறார்கள். இந்த முறையால் எவ்வளவு வாயுவைப் பிடிக்க முடியும் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைக் காகிதத்திலேயே கணக்கிடலாம்.

வந்த இடத்துக்கே திரும்புதல்

எஃகுக் கசட்டின் எடையில் 40 முதல் 50 சதவீதம் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. அதன் ஒரு பகுதி தனியாக இருக்கும். பெரும்பகுதி சிலிக்காவோடும் இரும்போடும் பிணைந்திருக்கும். இந்தச் சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்தால் கால்சியம் கார்பனேட் ஆகிறது. அது சுண்ணாம்புக்கல்லின் வேதிப்பொருள். வாயு கல்லுக்குள் போய்த் திடப்பொருளாகிவிடும் இந்த வினைக்குக் கார்பனேற்றம் என்று பெயர். இப்படிக் கட்டுண்ட வாயு பல நூறு டிகிரி வெப்பத்திலோ அமிலத்திலோ மட்டுமே மீண்டும் வெளியேறும். நிலத்தடியில் வாயுவாக அடைத்துவைப்பதைவிட இது உறுதியானது.

56 கிலோ கால்சியம் ஆக்சைடு 44 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஏற்கும். அணு எடைகள் தரும் விகிதம் இது. தொழில்நுட்பம் வளர்வதால் இந்த விகிதம் கூடாது.

தமிழ்நாட்டின் பழைய வீடுகளின் சுவரிலும் இதே வினைதான் நடந்தது. காளவாயில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டார்கள். கல்லில் இருந்த கார்பன் டை ஆக்சைடு புகையோடு போனது. சுட்ட சுண்ணாம்பை நீற்றிச் சுவரில் பூசினார்கள். பூச்சு மெல்ல மெல்லக் காற்றிலிருந்து அதே வாயுவை எடுத்து மறுபடியும் கல்லானது. காளவாயில் வெளியேறியதைவிட ஒரு கிலோகூட அதிகமாகச் சுவர் எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது.

கசட்டின் சுண்ணாம்பும் அப்படியே வந்தது. ஆலைக்குள் போன சுண்ணாம்புக்கல் வெப்பத்தில் உடைந்தது. 100 கிலோ கல்லிலிருந்து 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு புகைபோக்கி வழியே போனது. 56 கிலோ சுண்ணாம்பு கசட்டில் சேர்ந்தது. கசட்டைக் கார்பனேற்றும்போது திரும்பி வருவது அந்த 44 கிலோதான். நிலக்கரி எரிந்து வந்த வாயுவுக்கு ஈடாகக் கசட்டில் தனியாக எந்தச் சுண்ணாம்பும் இல்லை.

1 டன் எஃகுக்கு 270 கிலோ சுண்ணாம்புக்கல் என்று வைத்தால், அதிலிருந்து வெளியேறியது சுமார் 119 கிலோ. மொத்த 2.3 டன்னில் இது 5 சதவீதம். டாலமைட் போன்ற மற்றக் கற்களின் வழியே கசட்டில் சேரும் சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் கணக்கில் எடுத்து, இரண்டு வகைக் கசட்டிலும் உள்ள ஒவ்வொரு துகளும் முழுதாக வினைபுரிந்தது என்று வைத்தாலும், பிடிபடுவது 180 கிலோவை ஒட்டியே இருக்கும். அதாவது 8 சதவீதம். இது உச்சவரம்பு. மீதி 92 சதவீதம் இந்த வினைக்கு எட்டாது.

உலக அளவிலும் வரம்பு சிறியதே. ஆண்டுக்கு 33 முதல் 39 கோடி டன் ஊதுலைக் கசடும், 19 முதல் 29 கோடி டன் எஃகுக் கசடும் உருவாவதாக அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. இவற்றின் சுண்ணாம்பு முழுவதும் வினைபுரிந்தால் சுமார் 20 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு கட்டுப்படும். 2024-இல் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் ஆகியவற்றிலிருந்து வெளியேறியது 3,740 கோடி டன். உலகின் ஓராண்டுக் கசடு முழுவதும் சேர்ந்து ஈடுகட்டக்கூடியது ஆண்டில் 2 நாள் உமிழ்வை.

37 ஆண்டு, 1 சதவீதத்துக்கும் குறைவு

காகிதத்து வரம்புக்கும் களத்துக்கும் இடையே உள்ள தூரத்தை இங்கிலாந்தின் கான்செட் நகரில் அளந்திருக்கிறார்கள். டர்ஹம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரின் எஃகாலை 1980-இல் மூடப்பட்டது. ஆலை போனது. 2 கோடி டன்னுக்கும் அதிகமான கசடு அங்கேயே நின்றது. யாரும் எதுவும் செய்யாமலே கசடு காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும் என்றால், அதைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

2018-இல் அந்தக் கசட்டு மேட்டைப் பற்றிய ஆய்வு வெளியானது. மேட்டிலிருந்து வடியும் தண்ணீரின் 37 ஆண்டு வேதிப் பதிவுகள் ஆய்வாளர்களிடம் இருந்தன. வடியும் நீர் காரத்தன்மை மிகுந்தது. அது வெளியே வந்து காற்றைத் தொட்டதும் கால்சியம் கார்பனேட் படிந்தது. படிவில் இருந்த கார்பன் காற்றிலிருந்து வந்ததுதான் என்பதை ஐசோடோப்புகள் காட்டின. ஐசோடோப்பு என்பது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு. கார்பன் எங்கிருந்து வந்தது என்பதை அதன் விகிதத்தைக் கொண்டு சொல்லலாம். வினை நடந்தது உறுதியானது.

அளவும் தெரிந்தது. வடிநீரிலிருந்து படிந்த வகையில் பிடிபட்டது 280 முதல் 2,900 டன் வரை. அந்த மேட்டின் முழுத் திறனில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே நிறைவேறியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

காரணம் எளியது. குவியலின் உள்ளே காற்று போவதில்லை. ஒவ்வொரு துகளின் மேற்பரப்பிலும் முதலில் உருவாகும் கார்பனேட் ஓடு, உள்ளே இருக்கும் சுண்ணாம்பை மூடிவிடுகிறது. வினை தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. கொட்டிவைத்த கசடு பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலும் கொட்டிய நிலையிலேயே இருக்கிறது.

ஆய்வகத்தின் நிபந்தனைகள்

வினையை விரைவாக்க முடியும். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட சோதனையில், எஃகுக் கசட்டின் கால்சியத்தில் 74 சதவீதம் 30 நிமிடத்தில் கார்பனேட் ஆனது. நிபந்தனைகள் மூன்று. கசட்டை 38 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்களாக அரைக்க வேண்டும். இது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. வெப்பம் 100 டிகிரி செல்சியஸ். வாயுவின் அழுத்தம் 19 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போல 19 மடங்கு.

கசட்டில் இரும்பு கலந்திருக்கிறது. அது கடினமானது. அரைக்க மின்சாரம் வேண்டும். வாயுவை அழுத்தவும் மின்சாரம் வேண்டும். நிலக்கரியிலிருந்து வரும் மின்சாரம் தன் பங்குக்குக் கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். 2006-இல் அதே குழு இந்தச் செலவையும் கழித்துப் பார்த்தது. 100 கிலோ பிடித்தால் நிகரமாகத் தேறுவது 69 கிலோ.

இப்போது படிப்படியாக இறங்கலாம். 1 டன் எஃகோடு 150 கிலோ எஃகுக் கசடு, அதில் 45 சதவீதம் சுண்ணாம்பு என்று கொள்வோம். கொள்கையளவில் அது ஏற்கக்கூடிய வாயு 53 கிலோ. 74 சதவீத வினைக்குப் பிறகு 39 கிலோ. ஆற்றல் செலவைக் கழித்தால் 27 கிலோ. அந்த 1 டன் எஃகு வெளியிட்டது 2,300 கிலோ. மிக நுண்மையாக அரைத்து, சூடாக்கி, அழுத்தம் கொடுத்து, நன்றாக நடத்திய ஓர் ஆலை திரும்பப் பெறுவது 1.2 சதவீதம்.

வினைக்கு ஊட்டத் தூய வாயுவும் வேண்டும். ஊதுலையிலிருந்து வரும் வாயுவில் நைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கத் தனி அமைப்பு தேவை. 2021 செப்டம்பரில் ஜாம்ஷெட்பூர் டாடா எஃகாலை ஊதுலை வாயுவிலிருந்து அதைப் பிரிக்கும் சோதனை அமைப்பைத் தொடங்கியது. அதன் திறன் நாளொன்றுக்கு 5 டன். ஆண்டுக்கு 1,825 டன். ஊதுலை வழியில் ஆண்டுக்கு 1 கோடி டன் எஃகு செய்யும் ஆலை, ஒரே நாளில் 60,000 டன்னுக்கும் கூடுதலாக வெளியிடுகிறது.

ஏற்கெனவே வேலையில் இருக்கும் கசடு

8 சதவீத உச்சவரம்பில் பாதிக்கு மேல் ஊதுலைக் கசட்டைச் சேர்ந்தது. அந்தக் கசடு சும்மா கிடப்பதில்லை.

உருகிய ஊதுலைக் கசட்டைத் தண்ணீரைப் பாய்ச்சிச் சட்டெனக் குளிர்வித்தால் கண்ணாடி போன்ற மணல் கிடைக்கும். அதை அரைத்துச் சிமென்ட்டில் சேர்க்கிறார்கள். இந்தியத் தரக்கட்டளையான ஐ.எஸ். 455, கசடு கலந்த போர்ட்லேண்ட் சிமென்ட்டில் 70 சதவீதம் வரை கசட்டை அனுமதிக்கிறது. சிமென்ட்டின் மூலப்பொருள் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரியில் சுட்டுப் பெறும் கட்டி. 1 டன் கிளிங்கர் செய்யச் சுமார் 0.85 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. கிளிங்கருக்குப் பதிலாக 1 டன் கசட்டைச் சேர்த்தால் ஏறத்தாழ அந்த அளவு உமிழ்வு நடக்காமலே போகிறது.

அதே 1 டன் ஊதுலைக் கசட்டைக் கார்பனேற்றினால் பிடிபடுவது, உச்சவரம்பிலும்கூட, சுமார் 0.3 டன். கார்பனேற்றிய பிறகு அது சிமென்ட்டாக இறுகும் திறனை இழக்கிறது. அதற்கு ஈடாகப் புதிய கிளிங்கரைச் சுட வேண்டிவரும். ஆகவே இந்தக் கசட்டுக்கு வாயுவை ஊட்டுவது மொத்த உமிழ்வைக் கூட்டும், குறைக்காது. புகைபோக்கியின் பக்கம் மட்டும் நின்று பார்த்தால் இந்த இழப்பு தெரியாது. அது வேறொரு ஊரின் சிமென்ட் ஆலையில் நடக்கிறது.

மிஞ்சுவது எஃகுக் கசடு. அதில் தனிச் சுண்ணாம்பும் இரும்பும் அதிகம் என்பதால் சிமென்ட்டில் அதிகம் சேர்க்க முடியாது. கார்பனேற்றத்துக்கு உண்மையில் பொருத்தமான பொருள் இதுதான். மேலே கண்ட 53, 39, 27 கிலோக் கணக்கு இதற்கு உரியது.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு, காரத்தன்மை கொண்ட எல்லாப் பொருள்களையும் சேர்த்து 2100-ஆம் ஆண்டளவில் ஆண்டுக்கு 290 முதல் 850 கோடி டன் வரை பிடிக்கும் திறன் உண்டு என்று கணக்கிட்டது. இந்த எண் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதில் எஃகுக் கசடு ஒரு பகுதி மட்டுமே. சிமென்ட், சுண்ணாம்பு, சாம்பல், சுரங்கக் கழிவு, அலுமினிய ஆலைகளின் செந்நிறச் சேறு எல்லாம் சேர்ந்தவை. இந்த நூற்றாண்டு முழுவதும் இவற்றின் உற்பத்தி வளரும் என்ற கணிப்பின்மேல் எழுந்த எண் அது. உற்பத்தி வளர்ந்தால் அந்த உற்பத்தியின் உமிழ்வும் வளரும்.

தண்ணீரில் இறங்குபவை

எஃகுக் கசட்டைச் சாலைக்கு அடியில் போட்டால் இன்னொரு வினை நடக்கிறது. தனிச் சுண்ணாம்பு தண்ணீரைக் குடித்து நீறும். அதன் கனஅளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும். மேலே உள்ள தளம் வீங்கும், விரியும். அதனால்தான் கசட்டை மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் போட்டு ஆறவைத்த பிறகு பயன்படுத்துகிறார்கள். முன்கூட்டியே கார்பனேற்றினால் இந்த வீக்கம் குறைகிறது. வடிநீரின் காரத்தன்மையும் குறைகிறது. இவை உண்மையான பயன்கள்.

ஆனால் கசட்டில் சுண்ணாம்பு மட்டும் இல்லை. குரோமியம், வனேடியம் போன்ற உலோகங்களும் சிறிய அளவில் உண்டு. வனேடியம் கால்சியம் சேர்மங்களுக்குள் பூட்டப்பட்டிருக்கிறது. கார்பனேற்றம் அந்தச் சேர்மங்களை உடைக்கிறது. நெதர்லாந்துக் குழு 2006-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கார்பனேற்றிய பிறகு கால்சியம் தண்ணீரில் கரைவது குறைந்தது, வனேடியம் கரைவது கூடியது. உயிரினங்களுக்கு அளவு மீறிய வனேடியம் நஞ்சு.

இதனால் முறை பயனற்றதாகிவிடாது. ஒவ்வொரு ஆலையின் கசட்டையும், கார்பனேற்றுவதற்கு முன்னும் பின்னும், தண்ணீரில் ஊறவைத்துச் சோதிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். தாது மாறினால் கசடு மாறும். ஓர் ஆலையின் முடிவை மற்றோர் ஆலைக்கு எடுத்துச்செல்ல முடியாது. கோடிக்கணக்கான டன் கசடு சாலையிலும் வயலோரத்திலும் பரவிய பிறகு செய்யும் சோதனையால் எதையும் திரும்ப அள்ள முடியாது.

இந்தியக் கணக்கு

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டன் எஃகுக் கசடு உருவாவதாக அரசு சொல்கிறது. 2022-இல் சூரத் அருகே ஹசீராவில் முழுக்கப் பதப்படுத்திய எஃகுக் கசட்டாலேயே ஆறு வழிச் சாலை ஒன்று போடப்பட்டது. ஜல்லிக்காக மலையை உடைப்பது அங்கே தவிர்க்கப்பட்டது.

அந்த 1.9 கோடி டன் முழுவதையும் கார்பனேற்றினால், உச்சவரம்பில் பிடிபடுவது சுமார் 67 லட்சம் டன் வாயு.

2022-23-இல் இந்தியா 12.7 கோடி டன் கச்சா எஃகு செய்தது. 2023-24-இல் 14.4 கோடி டன். ஓராண்டில் கூடியது 1.7 கோடி டன். இந்தியாவில் 1 டன் எஃகுக்கு வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு சராசரியாக 2.54 டன் என்று எஃகு அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்தக் கணக்குப்படி, உற்பத்தி கூடியதால் மட்டும் ஓராண்டில் சேர்ந்த உமிழ்வு சுமார் 4.3 கோடி டன். நாட்டின் எஃகுக் கசடு முழுவதும், ஒரு துகள் மிச்சமில்லாமல் வினைபுரிந்தால், இந்த வளர்ச்சியில் 2 மாதத்தைக்கூட ஈடுகட்டாது. ஏற்கெனவே இருந்த உமிழ்வு இந்தக் கணக்கில் வரவே இல்லை.

2017-இன் தேசிய எஃகுக் கொள்கை, 2030-31-க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறனை இலக்காக வைத்தது. எதிர்பார்க்கும் உற்பத்தி 25.5 கோடி டன். இன்றைய சராசரி நீடித்தால் அதன் உமிழ்வு சுமார் 65 கோடி டன். 2023-24-இல் இருந்தது சுமார் 37 கோடி டன்.

2024 டிசம்பரில் இந்திய அரசு பச்சை எஃகுக்கு வரையறை வெளியிட்டது. 1 டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் குறைவான உமிழ்வு இருந்தால் அந்தப் பெயர் கிடைக்கும். 1.6 டன்னுக்குக் கீழே போனால் ஐந்து நட்சத்திரம். இன்றைய சராசரியிலிருந்து நுழைவு வரம்புக்கே 300 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். எஃகுக் கசட்டின் உச்சவரம்பு 53 கிலோ. களத்தில் எதிர்பார்க்கக்கூடியது அதில் பாதி.

யார் பெயரில் வரவு

1 டன் கசடு ஆலையில் பிறக்கிறது. வேறொரு நிறுவனம் அதை வாங்கிக் கார்பனேற்றுகிறது. மூன்றாவது நிறுவனம் அந்தக் கல்லைக் கட்டடத்தில் வைக்கிறது. பிடிபட்ட வாயு ஒன்றுதான். கணக்கு எழுதக்கூடியவர்கள் மூவர். கார்பன் வரவுச் சான்றிதழை விலைக்கு வாங்குபவர் நான்காவது. விதி தெளிவாக இல்லாத இடத்தில், ஒரே 50 கிலோ நான்கு ஏடுகளில் ஏறும். காற்றில் குறைவது 50 கிலோதான்.

வரவைக் கணக்கிடும்போது கழிக்க வேண்டியவை வேறும் உண்டு. அரைக்கச் செலவான மின்சாரம். கசட்டை ஏற்றிச் சென்ற லாரியின் டீசல். கார்பனேற்றாமல் விட்டிருந்தாலும் காலப்போக்கில் தானாக நடந்திருக்கும் சிறு வினை. சிமென்ட்டுக்குப் போயிருந்தால் மிச்சமாகியிருக்கும் கிளிங்கர். இவற்றைக் கழிக்காத எண் உமிழ்வைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். புகைபோக்கி வாயுவைக் கசட்டில் கட்டினால் அது உமிழ்வுக் குறைப்பு. காற்றிலிருந்து எடுத்துக் கட்டினால், சுண்ணாம்பு முன்பு வெளியிட்டதைத் திரும்ப எடுப்பது. புதிதாக உருவாகும் கசட்டைப் பொறுத்தவரை இரண்டுமே காற்றில் ஏற்கெனவே உள்ள நிலக்கரி வாயுவைக் குறைக்காது. கான்செட் போன்ற பழைய மேடுகளில் வினைபுரியாமல் கிடக்கும் சுண்ணாம்பின் நிலை வேறு. அவற்றின் உமிழ்வு முடிந்துபோன ஒன்று. அந்த ஆலைகள் இனி இயங்கப்போவதில்லை. அங்கே பிடிக்கும் ஒவ்வொரு டன்னும் இன்றைய காற்றிலிருந்து குறைகிறது. அந்த மேடுகளின் அளவு வரம்புக்குட்பட்டது.

ஊதுலை வழியில் வரும் புதிய கசட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஊதுலை எரிந்தால்தான் அது கிடைக்கும். கசட்டை மூலப்பொருளாக நம்பி ஆலைகள் எழுந்தால், அவற்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் கசடு வந்துகொண்டிருக்க வேண்டும். 27 கிலோவைப் பிடிக்கும் ஏற்பாடு 2,300 கிலோவை வெளியிடும் உலையைச் சார்ந்து நிற்கும்.

உலையின் ஆயுள்

ஊதுலையின் உட்புறம் தீக்கற்களால் ஆனது. அவை 15 முதல் 20 ஆண்டுகளில் தேய்ந்துபோகும். அப்போது உலையை நிறுத்தி உட்சுவரை மாற்ற வேண்டும். இதற்குப் பெரும் முதலீடு ஆகும். அந்த முதலீட்டைச் செய்துவிட்டால் உலை அடுத்த 15, 20 ஆண்டுக்கு ஓடும். செய்யாவிட்டால் மூடப்படும். அல்லது அதன் இடத்தில் வேறு வழி வரும்.

வேறு வழிகள் இருக்கின்றன. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கினால் 1 டன் எஃகுக்குச் சுமார் 0.7 டன் வாயு வெளியேறுகிறது. மின்சாரம் தூயதானால் இன்னும் குறையும். இயற்கை எரிவாயுவால் தாதுவை இரும்பாக்கும் வழியில் சுமார் 1.4 டன். 2021-இல் ஸ்வீடனில் நிலக்கரிக்குப் பதிலாக ஹைட்ரஜனைக் கொண்டு தாதுவை இரும்பாக்கி, அந்த இரும்பிலிருந்து செய்த எஃகை ஒரு வாகன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். அந்த வினையில் உலையிலிருந்து வெளியேறுவது நீராவி.

2024 செப்டம்பர் 20 அன்று ஒடிசாவின் கலிங்காநகரில் டாடா எஃகு நிறுவனம் புதிய ஊதுலையைப் பற்றவைத்தது. கொள்ளளவு 5,870 கன மீட்டர். இந்தியாவிலேயே பெரியது. 10 நாள் கழித்து, செப்டம்பர் 30 அன்று, அதே நிறுவனம் வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட் ஆலையின் கடைசி ஊதுலையை அணைத்தது. அங்கே மின்வில் உலை வரவிருக்கிறது. அதற்குப் பிரிட்டன் அரசு 50 கோடி பவுண்டு தருகிறது. கலிங்காநகர் உலைக்கு அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அது வழக்கமான ஆயுளோடு ஓடினால் முதல் முறை உட்சுவர் மாற்றும் காலம் 2040-ஐ ஒட்டி வரும்.

வேறு தேதிகளும் இருக்கின்றன. 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரி நடைமுறையில் இருக்கிறது. அங்கே இறக்குமதியாகும் எஃகின் உமிழ்வுக்கு விலை உண்டு. புவி வெப்பத்தை 1.5 டிகிரிக்குள் நிறுத்த 50 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், 2025-இன் தொடக்கத்திலிருந்து உலகம் வெளியிடக்கூடிய மொத்த கார்பன் டை ஆக்சைடு 23,500 கோடி டன் என்று உலகக் கார்பன் கணக்கை ஆண்டுதோறும் தொகுக்கும் விஞ்ஞானிகள் மதிப்பிட்டனர். அன்றைய வேகத்தில் அது 6 ஆண்டுக்கான அளவு. 2025 மே மாதத்தில் ஹவாய் தீவின் மௌனா லோவா ஆய்வுநிலையத்தில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடின் மாதச் சராசரி முதல்முறையாக 10 லட்சம் பங்குக்கு 430 பங்கைத் தாண்டியது. இந்தியாவின் நிகர சுழிய இலக்கு 2070. சீனாவின் இலக்கு 2060.

உலகின் நிலக்கரி ஊதுலைத் திறனில் 71 சதவீதம் 2030-க்குள் ஆயுள் முடிந்து பெரும் மறுமுதலீட்டை எதிர்நோக்கும் என்று ஜெர்மனியின் அகோரா ஆய்வு நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது. அந்தத் திறன் ஏறத்தாழ 109 கோடி டன். ஒவ்வோர் உலையைப் பற்றியும் ஒரு நிர்வாகக் குழு முடிவெடுக்கும். உட்சுவரை மாற்றலாமா, வேறு வழிக்குப் போகலாமா என்பதே கேள்வி. உலையின் கார்பனைக் கசட்டில் கட்டிவிடலாம் என்ற நம்பிக்கை மேசையில் இருந்தால், முதல் விடை எளிதாகிவிடும்.

அந்த மேசையில் வைக்கக்கூடிய கணக்கு இது. ஆண்டுக்கு 40 லட்சம் டன் எஃகுக்கு இரும்பு தரும் ஓர் ஊதுலையை 2026-இல் புதுப்பித்தால் அது 2041 அல்லது 2046 வரை எரியும். அதற்குள் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 13.8 முதல் 18.4 கோடி டன். அதன் இரு வகைக் கசடும், சிமென்ட்டுக்கு ஒரு பிடிகூடப் போகாமல், முழுதாக வினைபுரிந்தால் கட்டுப்படுவது 1.1 முதல் 1.5 கோடி டன். எஃகுக் கசட்டை மட்டும் எடுத்து ஆய்வகத் தரத்தில் நடத்தினால் நிகரமாகத் தேறுவது 16 முதல் 22 லட்சம் டன். எந்தக் கணக்கை எடுத்தாலும் 12 கோடி டன்னுக்கு மேல் காற்றில் நிற்கும். அதை ஏற்கப் போதுமான சுண்ணாம்பு அந்த உலையின் கசட்டில் இல்லை. உலகின் எல்லா உலைகளின் ஓராண்டுக் கசட்டைச் சேர்த்தால் வரும் உச்சவரம்பு 20 கோடி டன். இந்த ஓர் உலையின் மீதமே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.